“கொரியா பைத்தியம்னு டி.வி.யில காட்டுறாங்களே?” – பி.டி.எஸ். ரசிகைகளும் ஊடகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாலை நேர ட்யூஷன் எடுக்கிறேன். 2017 முதல் நானும் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அதே பித்து. அதனால் பெற்றோர்களும் உறவுக்காரர்களும், போன வருடம் குறும்படம் எடுக்க வந்த இரண்டு இதழியல் மாணவர்களும் கேட்ட கேள்விகள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றன. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சொல்கிறேன்.

யாரும்மா இந்த பி.டி.எஸ்.? நீங்கல்லாம் ஒரே முகமா இருக்குன்னு சொல்ற அந்தப் பசங்களா?

நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, சித்தப்பா. ஏழு பேர்: ஆர்.எம்., ஜின், சுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக். 2013 ஜூன் 13 அன்று அறிமுகமானார்கள். ‘பாங்தான் சொன்யொன்தான்’ என்ற கொரியப் பெயரின் சுருக்கம்தான் பி.டி.எஸ். ‘குண்டு துளைக்காத சிறுவர் படை’ என்று பொருள். இளைஞர்கள் மேல் சமூகம் வீசும் வார்த்தைகளைத் தாங்கி நிற்பவர்கள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

ஏழு பேரும் கொரியச் சட்டப்படி கட்டாய தேச சேவைக்குப் போனார்கள். ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார். 2025 ஜூனில் கடைசி ஆளும் முடித்துவிட்டார்.

‘ஆர்மி’ன்னா ராணுவமா? என் பொண்ணு நோட்டு அட்டை பூரா எழுதி வெச்சிருக்கா.

ரசிகர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. பயப்பட எதுவும் இல்லை. கூடவே ஊதா நிற இதயம் வரைந்திருப்பாள். 2016-ல் ஒரு நிகழ்ச்சியில், வானவில்லின் கடைசி நிறம் ஊதா, கடைசிவரை நம்பிக்கையோடும் அன்போடும் இருப்போம் என்ற பொருளில் வி சொன்னார். அன்றிலிருந்து ஊதா எங்கள் நிறம்.

பாஷையே புரியாது. அப்புறம் எப்படி ரசிக்கிறாங்க? வேஷம்தானே?

இந்தக் கேள்வி மட்டும் நம் ஊரிலிருந்து வரும்போது எனக்கு மனசு தாங்காது. திருவையாற்றில் ஒவ்வொரு வருடமும் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக் கரையில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்று சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி விடிய விடிய நடக்கும் பாகவத மேளா நாடகமும் தெலுங்குதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, உமக்கு அர்த்தம் தெரியுமா என்று யாராவது கேட்கிறார்களா? கண்ணில் தண்ணீர் வந்தால் பக்தி என்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் அர்த்தத்தைத் தேடிப் போகிறார்கள். ஒரு பாட்டு வந்த சில மணி நேரத்தில் உலகத்தில் எங்கேயோ ஒரு ரசிகை அதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டுவிடுவாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தமிழில் எழுதுவாள். என்னிடம் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் ஹங்குல் என்ற கொரிய எழுத்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அம்மா, அப்பா என்ற சொற்கள் கொரிய மொழியில் ‘ஒம்மா’, ‘அப்பா’ என்று ஒலிப்பதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். (இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பத்து மொழி என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதே என்றும் அவளிடம் சொன்னேன். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை.)

டி.வி.யில எப்பக் காட்டுனாலும் அழுதுட்டே இருக்குதுங்களே, அதென்ன?

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் மூன்றாவது ஞாயிறு. அந்த வாரம் எங்களுக்கு இரட்டைத் திருவிழா. 10, 11 தேதிகளில் நான்கு பேர் ராணுவ சேவை முடிந்து வெளியே வந்தார்கள். 12-ம் தேதி மேட்டூர் திறந்தார்கள். 13-ம் தேதி பன்னிரண்டாவது ஆண்டு நிறைவு. குறுவைக்குத் தண்ணீர் வருகிறது என்று பெரியவர்களும் எங்கள் பையன்கள் வந்துவிட்டார்கள் என்று நாங்களும் சந்தோஷமாக இருந்த வாரம். மயிலாடுதுறையில் ஒரு தோழி வீட்டு மொட்டை மாடியில் பதினொரு பேர் கூடினோம். கேக் வெட்டினோம். சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய நோட்டுகளைப் பக்கத்து ஊர் தொடக்கப் பள்ளிக்குக் கொடுக்கக் கட்டி வைத்தோம்.

ஒரு வீடியோ சேனலிலிருந்து வந்தார்கள். சம்மதம் சொன்னது நான்தான். ஒன்றரை மணி நேரம் எடுத்தார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போனதையும், அந்த மாதங்களில் தூக்கம் வராமல் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடந்ததையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நாங்களும் அழுதோம். வெளிவந்த வீடியோ மூன்று நிமிடம். நோட்டுகள் இல்லை, அப்பா இல்லை. “அவங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு குரல் கேட்கிறது. அடுத்த காட்சியில் அவள் அழுகிறாள். பின்னால் சோக வயலின்.

அந்தப் பெண் ஒரு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. கேள்வி கேட்ட தம்பியிடம் பேசினேன். வெட்டி ஒட்டியது தன் கையில் இல்லை என்றார், அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. கேள்வியையும் பதிலையும் மாற்றி ஒட்டினால் ஒரு மகளின் துக்கம் பைத்தியக்காரத்தனம் ஆகிவிடும். அதற்குப் பிறகு ரசிகைகள் அழும் எந்தக் காட்சியைப் பார்த்தாலும், இவள் எந்தக் கேள்விக்கு அழுதாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கரூர்ல மூணு பொண்ணுங்க கொரியா போறேன்னு வீட்டை விட்டுக் கிளம்புனாங்களே, அதுவும் எடிட்டிங்கா?

இல்லை, அது நடந்தது. 2024 ஜனவரித் தொடக்கம். மூவருக்கும் 13 வயது, எட்டாம் வகுப்பு. கையில் ஏறத்தாழ 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போனால் கப்பல் பிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். சென்னை வரை போய், முடியாது என்று தெரிந்து, ஊருக்குத் திரும்ப ரயில் ஏறியவர்கள் காட்பாடியில் இறங்கியபோது காவல் துறையினர் பார்த்துப் பத்திரமாக மீட்டார்கள்.

என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்தப் பெற்றோர் பட்ட வேதனையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. எங்கள் குழுவில் அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. ஆனால் அவர்கள் தாங்களாகவே திரும்பிவிட்டார்கள் என்ற பகுதியைத் தலைப்பில் வைத்தவர்களை நான் பார்க்கவில்லை. பதின்மூன்று வயதுக் குழந்தை தப்பான முடிவெடுத்து, பயந்து, சரியான முடிவுக்கு வந்ததும் இந்தக் கதைதான். சினிமாவில் சேரப் போகிறேன் என்று இதே டெல்டா ஊர்களிலிருந்து ரயிலேறிய பையன்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்கள் ஜெயித்தால் அதையே பேட்டியில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

முகத்தை மறைச்சுத்தானே செய்தி போடறாங்க. அதுல என்ன கெட்டுப் போச்சு?

முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 என்ன சொல்கிறது தெரியுமா? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையிலோ காட்சி ஊடகத்திலோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்ன கிராமத்தில் ஊர்ப் பெயரையும் வகுப்பையும் சொன்னாலே போதும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டைக் காட்டிவிடுவார். ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போனது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

இது ஒரு அடிக்‌ஷன்னு டாக்டரே பேட்டியில சொல்றாரே?

பெரும்பாலான நிகழ்ச்சிகளில் மருத்துவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. பொதுவாகச் செல்போன் பழக்கம் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகளை, அழுகிற முகத்துக்கு அடுத்து வைத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன அதே ஒட்டு வேலைதான். மருத்துவர் மேல் எனக்குக் குறை இல்லை.

ரசிகர் கூட்டத்தை நோயாகப் பார்ப்பது புதிதில்லை. பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் மேடை ஏறினால் பெண்கள் கட்டுக்கடங்காமல் ஆர்ப்பரித்தார்கள். அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று 1844-லேயே கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே பெயர் வைத்துவிட்டார். 1960-களில் பீட்டில்ஸ் ரசிகைகளுக்கும் அதே ‘மேனியா’ ஒட்டியது.

சரி, கவலைப்பட வேண்டிய நேரம் எது? தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது, வீட்டில் பேச்சு நின்றுவிட்டது, திருட்டுத்தனமாகப் பணம் போகிறது, முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை என்றால் ஒரு மருத்துவரிடம் நேரில் போங்கள். பாட்டு அங்கே காரணமாக இருக்காது. வேறு ஏதோ வலி இருக்கும், அதற்கு மருந்தாகப் பிள்ளை பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நாங்களும் அந்தக் காலத்துல மன்றம் வெச்சோம். இவங்களை மட்டும் ஏன் கேலி பண்றாங்க?

இதைக் கேட்ட தாத்தா மாயவரத்துக்காரர், எம்.ஜி.ஆர். மன்றத்தில் இருந்தவர். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தியாகராஜ பாகவதர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு ரசிகப் பித்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. அவருடைய ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1972-ல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டபோது, கொடி பிடித்து முன்னால் நின்றவை அவருடைய ரசிகர் மன்றங்கள்தான். ஐந்து வருடத்தில் அவர் முதலமைச்சர். மன்றம் என்றால் வெறும் விசில் என்று நினைத்தவர்களுக்கு அப்போது விளங்கியிருக்கும்.

ஆனால் அந்த மன்றங்களில் பெண்கள் எத்தனை பேர்? தியேட்டர் வாசல், கட்-அவுட், பாலாபிஷேகம், தெருமுனைக் கொட்டகை, எல்லாமே ஆண்கள் நிற்கும் இடம். எங்கள் அம்மாக்களும் அதே நடிகர்களுக்காக உருகியவர்கள்தான். அடுப்படி ரேடியோவோடு அது முடிந்துவிட்டது. இன்றைக்குத் திருவாரூரிலும் பேராவூரணியிலும் ஒரு பெண் இருட்டிய பிறகு தியேட்டர் வாசலில் கொடி கட்ட முடியாது. போனுக்குள் ஒரு மன்றம் கட்ட முடியும். 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்கள் வீட்டுக்குள்ளேயே வந்தன, அதற்குப் பிறகு போனில் பாட்டு வந்தது. கிரிக்கெட்டில் தோற்றதற்கு ஓர் ஆண் அழுதால் ‘உணர்ச்சிமயமான ரசிகர்’. பாட்டுக்கு ஒரு பெண் அழுதால் ‘அடிமை’. கேலிக்குக் காரணம் கொரியா என்று நான் நினைக்கவில்லை. பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து, வீட்டில் யாரையும் கேட்காமல், ஒன்றை விரும்புகிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

ஆம்பளைங்க மையும் லிப்ஸ்டிக்கும் போட்டுக்கறதைப் பாத்து என்னத்தைக் கத்துக்கப் போறாங்க?

மெலட்டூரை மேலேயே சொன்னேன். அங்கே பிரகலாதனின் அம்மா லீலாவதியாக நிற்பவரும் ஆண்தான், தலைமுறைகளாக. மேடைக்கு ஒப்பனை வேண்டும் என்பது நம் கூத்துக் கலைஞர்களுக்குத் தெரியாததா? இதை ஊடகங்கள் எடுப்பது கேலிப் படத்துக்காக மட்டும்தான், எனவே இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ரசிகர்களைப் பத்தி நல்ல டாக்குமெண்டரி ஒண்ணாவது வந்திருக்கா?

வந்திருக்கின்றன. முதலில், நிறுவனமே எடுத்தவற்றைத் தள்ளி வைப்போம். 2018-ல் வந்த ‘பர்ன் த ஸ்டேஜ்’ போன்ற படங்கள் எனக்குப் பிடிக்கும், மேடைக்குப் பின்னால் அவர்கள் படும் பாடு தெரியும். ஆனால் அவற்றில் ரசிகர்கள் என்றால் இருட்டில் அசையும் விளக்குகள். செய்திச் சேனலில் நாங்கள் பைத்தியம், நிறுவனப் படத்தில் நாங்கள் வெளிச்சம். இரண்டிலும் முகம் இல்லை.

2025-ல் கிரேஸ் லீ, பேட்டி ஆன் என்ற இருவர் இயக்கிய ‘பி.டி.எஸ். ஆர்மி: ஃபாரெவர் வீ ஆர் யங்’ ரசிகர்களை மட்டுமே பின்தொடர்ந்தது. பல நாட்டுக்காரர்கள், பல வயதுக்காரர்கள். அன்போடு எடுத்த படம், ஆனால் அன்பு கொஞ்சம் அதிகம். நம் பக்கம் 2015-ல் ரிங்கு கால்ஸி எடுத்த ‘ஃபார் த லவ் ஆஃப் எ மேன்’ ரஜினி ரசிகர்களைப் பற்றியது. பாலாபிஷேகம் அதிலும் உண்டு. ஆனால் அந்த ரசிகரின் வீடு, தொழில், குடும்பம் எல்லாம் கூடவே வருகின்றன. பிறகு அவர் பால் ஊற்றும்போது நமக்குச் சிரிப்பு வராது.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது ‘ஃபனாட்டிக்’. கொரியாவில் ஓ சே-யோன் என்ற இளம் பெண் எடுத்து 2021 பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பள்ளி நாட்களில் ஒரு பாடகருக்காக உயிரை விட்டவர் அவர், டி.வி.யிலேயே அந்தப் பாடகரின் ரசிகையாகத் தோன்றியவர். அந்தப் பாடகர் பாலியல் குற்றத்துக்காகச் சிறை போனார். அப்புறம் இந்தப் பெண் கேமராவை எடுத்துக்கொண்டு தன்னைப் போல ஏமாந்த ரசிகைகளைத் தேடிப் போகிறார். கோபப்படுகிறார்கள், வாங்கி வைத்த பொருட்களை என்ன செய்வது என்று தவிக்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் யோசிக்கிறார்கள். ரசிகை என்றால் யோசிக்காதவள் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

அப்போ ரசிகர்களே எடுத்தாத்தான் சரியா வரும்ங்கறீங்களா?

இல்லை. ரசிகை எடுத்தால் மறைத்துவிடும் ஆசை வரும், எனக்கும் வரும். ‘ஃபனாட்டிக்’ நன்றாக வந்ததற்குக் காரணம், அவர் தனக்கே வலிக்கும் கேள்வியைக் கேட்டார். வெளியாள் எடுத்தாலும் அந்தப் பொறுமை இருந்தால் போதும்.

உங்க கூட்டத்துல தப்பே கிடையாதா டீச்சர்?

உண்டு. அதை ஊடகங்கள் சொல்வதற்கு முன்னால் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். கொரியாவில் ‘சாசேங்’ என்று ஒரு வகை: பாடகர்களின் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பது, விமானத்தில் பக்கத்து இருக்கை வாங்குவது, போன் எண்ணைத் தேடிப் பிடிப்பது. இதை யாரும் ரசனை என்று சொல்ல வேண்டாம். அங்கே 2021 அக்டோபரிலிருந்து பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டமே இருக்கிறது.

நம் ஊர் அளவில் இரண்டு தப்புகளைப் பார்க்கிறேன். ஒன்று, யாராவது விமர்சித்தால் நூறு பேர் சேர்ந்து அவருடைய இணையப் பக்கத்தில் போய்த் திட்டுவது. மயிலாடுதுறை வீடியோ வந்தபோது அந்தத் தம்பியின் அம்மாவைப் பற்றிக்கூட அசிங்கமாக எழுதினார்கள். நான் கெஞ்சி அழிக்கச் சொன்னேன், பாதிப் பேர்தான் கேட்டார்கள். மற்றொன்று பணம். ஆல்பத்துக்குள் யாருடைய படம் இருக்கும் என்று தெரியாது, அதனால் ஒன்றுக்கு மூன்று வாங்கத் தோன்றும். இது நிறுவனத்தின் வியாபாரத் தந்திரம். கூட்டாகச் சேர்ந்து ஆர்டர் போடுகிறோம் என்று முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பி ஏமாந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு செய்தியாளர் இதைத் துருவி எழுதினால் நான் உட்கார்ந்து உதவி செய்வேன்.

ஆனா பாராட்டியும் எழுதறாங்களே? அமெரிக்காவுல பெரிய நன்கொடை எல்லாம் கொடுத்தாங்களாமே?

2020 ஜூனில் நிறவெறிக்கு எதிரான இயக்கத்துக்கு பி.டி.எஸ். பத்து லட்சம் டாலர் கொடுத்தது. ஏறத்தாழ ஒரே நாளில் ரசிகர்கள் அதே அளவு திரட்டினார்கள். தாய்லாந்தில், மெட்ரோ நிலையங்களில் பிறந்தநாள் விளம்பரம் வைப்பதை நிறுத்திவிட்டு, கொரோனாவில் நொடிந்துபோன டுக்-டுக் ஓட்டுநர்களின் வண்டிகளில் வைத்துப் பணம் கொடுத்தார்கள். கேட்கும்போது நெஞ்சு நிமிரும்.

ஆனாலும் ‘உலகை மாற்றும் படை’ என்று எழுதுவதும் எனக்கு ஒட்டவில்லை. நல்லது செய்தால்தான் பாட்டுக் கேட்க அனுமதி என்பது போல ஆகிவிடுகிறது. நோட்டு வாங்கிக் கொடுக்காவிட்டாலும் அந்தப் பதினொரு பேருக்கும் மொட்டை மாடியில் கேக் வெட்ட உரிமை உண்டு.

என் பொண்ணைப் பேட்டி எடுக்கணும்னு கேக்கறாங்க. அனுப்பலாமா?

பதினெட்டு வயதுக்குள் என்றால் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் நீங்களும் கூடவே இருங்கள். முழுப் பேட்டியையும் உங்கள் போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள், மயிலாடுதுறையில் நான் செய்யாமல் விட்டது அதைத்தான். பள்ளிச் சீருடையில் வேண்டாம், தெருவும் வீட்டு வாசலும் தெரிய வேண்டாம். “அவருக்காக என்ன செய்வே? உயிரைக் கொடுப்பியா?” என்ற மாதிரிக் கேள்வி வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். அது வாயைக் கிண்டுகிற கேள்வி.

அக்கா, நாங்க குறும்படம் எடுக்கறோம். என்ன கேட்டாத்தான் சரியா இருக்கும்?

எங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்காதீர்கள். எந்த வருடம், எந்த மாதம் முதன்முதலில் கேட்டாய், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். யாரோடு சேர்ந்து கேட்கிறாய், அந்தத் தோழியை எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பூதலூர்ப் பெண்ணுக்கும் வேதாரண்யத்துப் பெண்ணுக்கும் பழக்கம் வருவதற்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்?

இரண்டு நாளாவது கூட இருங்கள். அவள் பஸ்ஸில் போகும்போது, நடவுக்குப் போன அம்மா வருவதற்குள் சோறு வடிக்கும்போது, ராத்திரி ஒரு காதில் பாட்டும் மறு காதில் தம்பியின் வாய்ப்பாடுமாக உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். அவள் அழுதால் கேமராவை அணைக்கலாமா என்று அவளையே கேளுங்கள். அந்த இரண்டு மாணவர்களிடமும் இதையேதான் சொன்னேன். மறுநாள் அந்தக் கல்லூரிப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள், கேமரா இல்லாமல். அவள் அப்பா வைத்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, அவர் போன மாதங்களில் அவள் கேட்ட பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தார்கள்.